25-க்கு விற்கும் மரம், 2500-க்கு வாங்கும் மரம்: காங்கேயத்தில் ஒரு ஹீரோஸ் 3 ஆட்டம்

நாளொன்றுக்கு 6000 தங்கம் வரவு உள்ளவர், 2500 வரவு உள்ளவரிடம் தோற்றார். அதுவும் நாலாவது வாரத்திலேயே. அதிர்ஷ்டம் என்று சொல்லித் தள்ளிவிடலாம். தோற்றவர் முதலில் அப்படித்தான் சொன்னார். ஆனால் ஆட்டத்தின் ஒவ்வொரு நாளுக்கும் சேவ் கோப்பு இருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து கணக்குப் பார்த்தபோது, தங்கத்துக்கும் இந்தத் தோல்விக்கும் சம்பந்தமே குறைவு என்று தெரிந்தது. பிரச்சினை மரத்தில் இருந்தது.

ஆட்டம் 'ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3'. 1999-ல் நியூ வேர்ல்ட் கம்ப்யூட்டிங் செய்து 3டிஓ வெளியிட்டது. இத்தனை வருடம் கழித்தும் இதை ஆட ஆள் இருப்பதற்கு முக்கியக் காரணம், ஒரே கம்ப்யூட்டரில் மாற்றி மாற்றி உட்கார்ந்து ஆடலாம் என்பது. ஒருவர் தன் நாளை முடித்துவிட்டு எழுந்தால் அடுத்தவர் உட்காருவார். நடுவில் டீ குடிக்கலாம், ஊர்க்கதை பேசலாம்.

விதிகள் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. உங்களுக்கு ஓர் ஊர் இருக்கும். அந்த ஊரில் ஒரு நாளைக்கு ஒரு கட்டடம்தான் கட்டலாம். ஊருக்கு வெளியே தங்கச் சுரங்கம், சாமில் (மரம் அறுக்கும் மில்), தாதுக் குழி என்று அவுட்போஸ்ட்டுகள் சிதறிக் கிடக்கும். உங்கள் படையை நடத்தும் ஹீரோ அங்கே போய் நின்றால் உங்கள் கொடி ஏறும். அன்றிலிருந்து வரவு உங்களுக்கு. எதிரி ஹீரோ வந்து நின்றால் கொடி மாறிவிடும். தங்கச் சுரங்கம் நாளுக்கு 1000 தங்கம் தரும். சாமில் 2 மரம், தாதுக் குழி 2 தாது. ஏழு நாள் ஒரு வாரம். வாரத்தின் முதல் நாளில் ஊர்களில் புதுப் படைவீரர்கள் வந்து காத்திருப்பார்கள். காசு கொடுத்தால் சேர்ந்துகொள்வார்கள். இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு தடவை வாங்கிய படைக்கு அப்புறம் சம்பளம், சாப்பாட்டுச் செலவு எதுவும் கிடையாது.

ஆடியவர்கள்

காங்கேயத்தாருக்குத் தேங்காய் எண்ணெய் மில். ஐப்பசி மழையில் கொப்பரைக் களத்தைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டதால் வேலை இல்லாமல் இருந்தார். பல்லடத்தார் அவருடைய மனைவியின் தம்பி, கறிக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். ஒரு பேட்ச் ஏற்றிவிட்டு, அடுத்த குஞ்சு இறங்குவதற்கு முன்னால் கிடைத்த இடைவெளியில் அக்கா வீட்டுக்கு வந்திருந்தார். ஆட்டம் நடந்தது மில் ஆபீஸ் மாடியில். நான் பக்கத்தில் உட்கார்ந்து சேவ் எடுத்துக்கொண்டிருந்தவன்.

தொழிலைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கொப்பரை வியாபாரத்தில் ரொக்கம்தான் பலம். விலை இறங்கும்போது கையில் காசு இருப்பவர் சரக்கைப் பிடித்துப் போடுவார். காங்கேயத்தார் ஆடிய ஆட்டத்தில் அது அப்படியே தெரிந்தது. பல்லடத்தாருடையது ஒப்பந்தப் பண்ணை. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி தருவது; அவருக்கு வளர்ப்புக் கூலி. அதனால் அவர் கண் காசைப் பார்ப்பதைவிட இருப்பைத்தான் அதிகம் பார்க்கும்.

ஊர்களில் பல வகை உண்டு. காங்கேயத்தார் ராம்பார்ட் எடுத்தார்: எல்ஃப், குள்ளர், சென்டார், யூனிகார்ன். பல்லடத்தார் ஸ்ட்ராங்ஹோல்ட்: கோப்ளின், ஓநாய் ரைடர், ஓக்ர், சைக்ளோப்ஸ். 72-க்கு 72 கட்டம் உள்ள நடுத்தர மேப், பாதாளம் கிடையாது. கடினம் 'ரூக்' நிலை. தொடக்கத்தில் ஆளுக்கு 15,000 தங்கம், 15 மரம், 15 தாது, அரிய பொருள்கள் தலா 7. இருவர் ஊரிலும் கோட்டையும், புது ஹீரோக்களை எடுக்கும் டேவர்னும் ஏற்கெனவே இருந்தன.

முதல் எட்டு நாள்

இந்தப் பகுதியில் காங்கேயத்தாரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வகுப்பெடுக்கலாம் போல ஆடினார்.

ஊரின் வரவைத் தீர்மானிப்பது நடுக் கட்டடம். வில்லேஜ் ஹால் நாளுக்கு 500, டவுன் ஹால் 1000, சிட்டி ஹால் 2000, கேப்பிடல் 4000. ஒருவர் எத்தனை ஊர் பிடித்தாலும் கேப்பிடல் ஒன்றுதான். சிட்டி ஹால் வேண்டுமென்றால் மார்க்கெட், மேஜ் கில்ட், பிளாக்ஸ்மித் மூன்றும் முன்னால் வேண்டும். கேப்பிடலுக்கு, கோட்டையின் அடுத்தடுத்த நிலைகளான சிட்டடலும் காசிலும் வேண்டும்.

முதல் நாள் டவுன் ஹால், 2500. அப்புறம் வரிசையாக மார்க்கெட் 500, மேஜ் கில்ட் 2000, பிளாக்ஸ்மித் 1000. ஐந்தாம் நாள் சிட்டி ஹால் 5000. ஆறாம் நாள் சிட்டடல் 2500, ஏழாம் நாள் காசில் 5000, எட்டாம் நாள் கேப்பிடல் 10,000. மொத்தம் 28,500. கையில் இருந்த 15,000, எட்டாம் நாள் வரை வந்த வரி 10,000, வழியில் எடுத்த இரண்டு புதையல் பெட்டிகளில் 2000-மும் 1500-மும். கூட்டிப் பாருங்கள், சரியாக 28,500. கேப்பிடல் எழுந்த அன்று கஜானாவில் பூஜ்யம். படைக்கு ஒரு காசு செலவழிக்கவில்லை, இரண்டாவது ஹீரோவும் எடுக்கவில்லை.

காசிலை ஏழாம் நாளில் முடித்ததும் தற்செயல் அல்ல. காசில் இருந்தால் வாராந்தரப் படை வளர்ச்சி இரட்டிப்பாகும். அந்தக் கணக்கு வாரத்தின் முதல் நாளில் நடக்கும் என்பதால், ஒரு நாள் பிந்தினாலும் ஒரு வார வளர்ச்சியில் கால் பங்கு போய்விடும்.

ஆனால் மரத்தைப் பாருங்கள். மார்க்கெட்டுக்கு 5, மேஜ் கில்ட்டுக்கு 5, பிளாக்ஸ்மித்துக்கு 5. நாலாம் நாளிலேயே ஆரம்ப இருப்பு 15-ம் காலி. காசிலுக்கு வேண்டிய 10 மரம், இரண்டாம் நாள் கொடி ஏற்றிய சாமில்லில் இருந்து நாளுக்கு இரண்டாக வந்து, ஏழாம் நாள் காலையில்தான் பத்தைத் தொட்டது. அந்த ஒரு சாமில் இல்லையென்றால் காசிலும் இல்லை, எட்டாம் நாள் கேப்பிடலும் இல்லை. திட்டம் முழுவதும் அதன்மேல்தான் நின்றது. அதைச் சாதித்தவரே அதைக் கவனிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. அவர் திரையில் பார்த்தது தங்க எண்ணிக்கையை மட்டும்.

பல்லடத்தாரின் முதல் வாரம் பார்க்க அழகாக இல்லை. முதல் நாளே 2500 கொடுத்து இரண்டாவது ஹீரோவை எடுத்தார். அந்த ஹீரோவிடம் ஒரே ஒரு ஓநாய் ரைடரைக் கொடுத்து மேப்பைச் சுற்ற விட்டார். டவுன் ஹாலோடு நிறுத்திக்கொண்டு படைக் கட்டடங்களைக் கட்டினார். அவருக்குச் சிட்டி ஹால் வந்ததே இரண்டாம் வாரக் கடைசியில். ஆனால் அதற்குள் இரண்டு சாமில்களில் அவர் கொடி பறந்தது. போதாததற்கு ஊருக்குள் ரிசோர்ஸ் சைலோ. ஸ்ட்ராங்ஹோல்ட்டில் அது நாளுக்கு ஒரு மரமும் ஒரு தாதுவும் தரும்.

வட்டி

இரண்டாம் வாரத்தில் காங்கேயத்தார் ஒரு தங்கச் சுரங்கத்தையும், கோட்டையோடு இருந்த இன்னொரு ராம்பார்ட் ஊரையும் பிடித்தார். அந்த ஊரில் டவுன் ஹாலும் எல்ஃப் குடியிருப்பும் கட்டினார். கேப்பிடல் 4000, சுரங்கம் 1000, இரண்டாவது ஊர் 1000, ஆக 6000. பல்லடத்தாருக்குச் சிட்டி ஹால் 2000, நடுவில் பிடித்த சின்ன ஊர் 500, ஆக 2500.

அப்போதுதான் காங்கேயத்தார் ட்ரெஷரியைக் கட்டினார். ராம்பார்ட்டுக்கு மட்டும் உள்ள கட்டடம் இது. வாரத் தொடக்கத்தில் கையில் இருக்கும் தங்கத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்துத் தரும். வாரத்துக்குப் பத்து சதவீதம் என்றால் வியாபாரிக்கு நாக்கில் எச்சில் ஊறாதா? அன்றிலிருந்து வாரக் கடைசியில் செலவு செய்வதையே நிறுத்திவிட்டார்.

இந்த ஆசை கெட்டதா என்றால், முழுக்க இல்லை. ஊரில் காத்திருக்கும் படைவீரர்கள் வாங்காவிட்டால் ஓடிப்போவதில்லை. இந்த வாரம் ஏழு, அடுத்த வாரம் ஏழு என்று சேர்ந்துகொண்டேதான் இருப்பார்கள். அதனால் படை வாங்குவதைத் தள்ளிப்போட்டுக் கட்டடத்தில் காசு போடுவது நல்ல ஆட்டக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். தலைநகரில் இது பாதுகாப்பான பழக்கமும்கூட. எதிரி வருவது தெரிந்தால் அன்றைக்கே மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். ஆனால் எல்லையில் இருக்கும் ஊரில் இதே பழக்கம் வேறு மாதிரி வேலை செய்யும். ஊர் கைமாறினால், வாங்காமல் விட்ட வீரர்கள் பிடித்தவருக்கு விற்பனைக்குக் காத்திருப்பார்கள்.

சாமில்

மூன்றாம் வாரம் இரண்டாம் நாள், பல்லடத்தாரின் அந்த ஒற்றை ரைடர் ஹீரோ காங்கேயத்தாரின் சாமில்லில் வந்து நின்று கொடியை மாற்றினான். சண்டை இல்லை, சத்தம் இல்லை.

"அதென்ன மாப்ள, நாளுக்கு ரெண்டு மரம். மார்க்கெட்டுல வித்தா அம்பது தங்கம். போயிட்டுப் போகுது விடுங்க."

"சரிங்க மாமா."

ஐம்பது என்பது சரியான கணக்கு. ஒரே ஒரு மார்க்கெட் இருந்தால் மரம் ஒன்று 25-க்குத்தான் விற்கும். 6000 வரவில் 50 எந்த மூலைக்கு?

இருந்தாலும் மானப் பிரச்சினை. பெரிய படையோடு இருந்த தன் ஒரே ஹீரோவைத் திருப்பி நாலாம் நாள் சாமில்லை மீட்டார். இங்கே இன்னொரு விதி குறுக்கே வந்தது. ஹீரோ ஒரு நாளில் எவ்வளவு தூரம் போவார் என்பதை அவர் படையில் இருக்கும் மிக மெதுவான வீரர்தான் தீர்மானிப்பார். காங்கேயத்தார் படையில் குள்ளர்கள் இருந்தார்கள், வேகம் 3. ஓநாய் ரைடரின் வேகம் 6. பெரிய படை நகர்ந்து போன மறுநாளே ரைடர் திரும்பி வந்து கொடியை மாற்றினான். மறுபடி மீட்பு, மறுபடி மாற்றம். அந்த வாரம் முழுக்க, பல்லடத்தாரின் எல்லையில் நின்று மிரட்டியிருக்க வேண்டிய படை சாமில்லைச் சுற்றி அலைந்தது. வாரக் கடைசியில் காங்கேயத்தார் அலுத்துப்போய் விட்டுவிட்டார். மர இருப்பு பூஜ்யம்.

மார்க்கெட்டின் மறுபக்கம் இப்போதுதான் தெரிய வந்தது. ஒரு மார்க்கெட் இருந்தால் மரம் விற்க 25, வாங்க 2500. நூறு மடங்கு. மார்க்கெட் எண்ணிக்கை கூடக்கூட இடைவெளி குறையும். இரண்டு இருந்தால் வாங்கும் விலை 1667. ஆக, மர இருப்பு உள்ளவருக்கு அந்த சாமில்லின் நாள் மதிப்பு 50. இருப்பு இல்லாமல், கட்டட வேலை மரத்துக்காக நின்றுகொண்டிருப்பவருக்கு அதே சாமில் 5000. அவருடைய கேப்பிடலைவிட அதிகம். மூன்றாம் வாரத்தில் காங்கேயத்தார் முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்குப் போனார். ஆனால் கணக்கை முதல் நிலையிலேயே போட்டுக்கொண்டிருந்தார்.

இன்னொரு எண்ணும் இருக்கிறது. டேவர்னில் ஒரு புது ஹீரோவின் விலை 2500. ஒரே ஒரு மரத்தின் விலை. ஒரு மரம் வாங்கும் காசில் ஒரு ஹீரோவை எடுத்து, வேகமான வீரர் ஒருவரைக் கொடுத்திருந்தால், கொடி மாறிய மறுநாளே மீட்டிருக்கலாம். இல்லாவிட்டால் சொந்த சாமில்லில் நாலு வீரர்களை நிறுத்திவைக்கவும் ஆட்டத்தில் வழி இருக்கிறது. ஒற்றை ரைடரால் அவர்களைத் தாண்ட முடியாது. இரண்டுமே காங்கேயத்தாருக்குத் தெரிந்த விஷயங்கள். ஐம்பது தங்க வரவுக்கு 2500 செலவா என்று கேட்டார். கேள்வியில் தப்பில்லை, ஐம்பதுதான் தப்பு.

பல்லடத்தாரிடம் பிற்பாடு கேட்டேன், தங்கச் சுரங்கத்தை விட்டுவிட்டு ஏன் சாமில்லைத் தேடிப் போனீர்கள் என்று. "அவருகிட்டக் காசு இருக்குதுங்ண்ணா, அதுல ஆயிரம் கொறஞ்சா என்ன ஆவுது? தீவனம் நின்னு போச்சுன்னா ஷெட்ல எத்தனை குஞ்சு இருந்தும் என்னங்க பண்றது?" என்றார்.

நாலாம் வாரம், முதல் நாள்

மூன்றாம் வாரம் ஏழாம் நாள் இரவு காங்கேயத்தார் கஜானாவில் 24,000. வட்டிக்காக அன்று எதுவும் வாங்கவில்லை. மறுநாள் வட்டி 2400, வரவு 6000, மொத்தம் 32,400.

அந்த நாளில் அவர் எடுத்த முடிவை ஒவ்வொரு படியாகப் பார்க்க வேண்டும். இரண்டாவது ஊரைச் சிட்டி ஹால் வரை உயர்த்த நினைத்தார். அதற்கு மார்க்கெட், மேஜ் கில்ட், பிளாக்ஸ்மித், 15 மரம். தலைநகர் மார்க்கெட்டில் 5 மரம் 12,500-க்கு வாங்கினார். அதை வைத்து இரண்டாவது ஊரில் 500 தங்கத்தில் மார்க்கெட் கட்டினார். 500 தங்கக் கட்டடத்துக்கு 12,500-க்கு மரம்! மார்க்கெட் இரண்டானதும் விலை 1667-க்கு இறங்கியது. மலிவாகிவிட்டது என்று மீதி 10 மரத்தையும் அன்றே 16,670-க்கு வாங்கினார். போக மிச்சம் 2730.

பிறகு கட்ட வேண்டியிருந்தவற்றையும் சேர்த்தால், நாளுக்கு 1000 கூடுதல் வரவுக்காக மரத்துக்கு 29,170, கட்டடங்களுக்கு 8500. போட்ட காசு திரும்ப 38 நாள் ஆகும். அவருக்குக் கிடைத்தது ஒரு நாள்கூட இல்லை.

அன்று பல்லடத்தாரின் முறை வந்தபோது, மலைக்குப் பின்னால் கண்ணில் படாமல் இருந்த அவருடைய முதன்மை ஹீரோ ஓக்ர்களோடும் சைக்ளோப்ஸ்களோடும் வந்து இரண்டாவது ஊரைப் பிடித்தார். காவலுக்கு அங்கே பெயருக்குச் சிலர்தான். ஆனால் குடியிருப்பில் வாங்கப்படாத எல்ஃப்கள் 21 பேர்: கட்டிய அன்று வந்த ஏழு, மூன்றாம் வாரம் ஏழு, அன்று காலை ஏழு. ஆளுக்கு 200, மொத்தம் 4200. பல்லடத்தார் அதற்கென்றே காசு சேர்த்து வைத்திருந்தார். சிட்டி ஹாலுக்கு அப்புறம் அவர் தன் ஊரில் எதையும் பெரிதாகக் கட்டாததன் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எல்ஃப்களை வாங்கி, மீதிக் காசுக்குச் சென்டார்களையும் சேர்த்துக்கொண்டார். புது மார்க்கெட்டும் அவருக்கே.

காலையில் காங்கேயத்தார் அந்த 4200-ஐப் படையில் போட்டிருந்தால் ஊர் தப்பித்திருக்குமா? மதிலுக்குப் பின்னால் வில்லோடு நிற்கும் 21 எல்ஃப்கள் சாதாரணம் இல்லை; முற்றுகையே நடந்திருக்காது என்பது என் எண்ணம். பல்லடத்தார் நடந்திருக்கும் என்கிறார், சைக்ளோப்ஸ் கல்லெறிந்து மதிலை உடைக்கும் என்பதால். எதுவாயினும் மிச்சம் இருந்த 2730-ல் 13 எல்ஃப்களை வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை.

அதற்கப்புறம் சொல்ல அதிகம் இல்லை. ரைடர் தங்கச் சுரங்கத்தையும் எடுத்துக்கொண்டான். நாலு நாளில் தலைநகர் முற்றுகை. கேப்பிடல் நாளுக்கு 4000 தந்துகொண்டுதான் இருந்தது. வந்த காசை எல்லாம் படையாக்கினார், ஆனால் பெரிய படையும் ஹீரோவும் குள்ளர் வேகத்தில் எங்கோ வந்துகொண்டிருந்தார்கள். ஊர் போன பிறகு ஏழு நாளுக்குள் வேறு ஊர் பிடிக்காவிட்டால் ஆட்டம் முடியும் என்பது விதி. காங்கேயத்தார் அதுவரை காத்திருக்காமல் எழுந்துவிட்டார்.

திரும்ப ஆடியபோது

மூன்றாம் வாரம் முதல் நாள் சேவைத் திறந்து, அங்கிருந்து திரும்ப ஆடச் சொன்னேன். ஒரே ஒரு மாற்றம்தான் கேட்டது: சாமில்லில் ஏழு எல்ஃப்களை நிறுத்த வேண்டும். 1400 தங்கம். மற்றதெல்லாம் அவரவர் விருப்பம்.

ரைடர் சாமில் பக்கம் வரவே இல்லை. நேராகத் தாதுக் குழிக்குப் போனான். காங்கேயத்தார் உடனே டேவர்னில் ஒரு ஹீரோவை எடுத்து மறுநாளே அதை மீட்டார். பெரிய படை எல்லையை விட்டு அசையவில்லை. பல்லடத்தாரின் முதன்மை ஹீரோ மலைக்குப் பின்னாலிருந்து வெளியே வர முடியாமல் அங்கேயே நின்றார். நாலாம் வாரம் முதல் நாள் காங்கேயத்தாரிடம் இரண்டாவது ஊரின் மார்க்கெட்டுக்கும் மேஜ் கில்ட்டுக்கும் வேண்டிய மரம், காசு கொடுக்காமலேயே இருந்தது. வட்டி மட்டும் கொஞ்சம் குறைந்தது.

இதை முழுச் சாட்சியாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இருவருக்கும் மேப் தெரியும்; ரைடர் எங்கே வருவான், படை எங்கே ஒளிந்திருக்கிறது என்பது தெரியும். பல்லடத்தாரும் அதைத்தான் சொல்கிறார்: எல்ஃப் நிற்பது தெரிந்துதான் சாமில்லை விட்டாராம், தெரியாவிட்டால் மோதி ஹீரோவை இழந்திருப்பாராம். காங்கேயத்தார் வேறு மேப்பில், ஊரை மாற்றிக்கொண்டு ஆடலாம் என்கிறார். தனக்கு ஸ்ட்ராங்ஹோல்ட் வேண்டுமாம். ட்ரெஷரி இருக்கும் ஊரை மாப்பிள்ளைக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறார்.